முழங்கால் வலியுள்ள அம்மாவோடு பிராக் நகரில் மூன்று நாள்: சரிப்படுமா?

தாமரைக்குளம் (மார்ச் 9, 2025)

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் கடைசி வாரம் எனக்கு வியன்னாவில் அலுவலக வேலை. இந்த முறை அம்மாவையும் கூட்டிப் போகிறேன். வேலை முடிந்ததும் 30ஆம் தேதி மாலை ரயிலில் பிராக். மே 4 ஞாயிறு மதியம் விமான நிலையம். நடுவில் முழுசாக மூன்று நாள் இருக்கிறது.

அம்மாவுக்கு 68 வயது. சமதரையில் அரை மணி நேரம் நடப்பார். படியைப் பார்த்தாலே முகம் மாறிவிடும். சுத்த சைவம், முட்டையும் ஆகாது. பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் வாசல் தாண்ட மாட்டார், வெளிநாட்டிலும் அப்படித்தான்.

இதுவரை போட்ட திட்டம்: வியாழன் பாலம், வெள்ளி கோட்டை, சனி யூதர் பகுதி. போனவர்கள் சொல்லுங்கள், இது நடக்கிற காரியமா? இல்லை, வியன்னாவிலேயே இன்னும் மூன்று நாள் இருந்துவிடலாமா?

கணக்குப்பிள்ளை (மார்ச் 9)

வியன்னாவிலேயே இருங்கள். பிராக் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய நகரம் முழுக்க ஒரு பெரிய சினிமா செட் மாதிரி ஆகிவிட்டது. தெருவுக்கு நாலு மசாஜ் கடை, எட்டு காந்தப் பொம்மைக் கடை. போதாக்குறைக்குத் தரை முழுக்கக் கல். அம்மாவின் முழங்காலுக்கு இது தண்டனை.

ட்ராம்22 (மார்ச் 10)

அக்கா, நான் இங்கே ஆறு வருஷமாக இருக்கிறேன். கணக்குப்பிள்ளை சார் சொல்வதில் பாதி உண்மை, மீதிப் பாதிக்கு வழி இருக்கிறது.

முதலில் கல். இங்கே தெருக்களில் பாவியிருக்கும் உருண்டைக் கல்லுக்கு உள்ளூர்ப் பெயரே ‘பூனைத்தலை’. வழுக்கு வழுக்கென்று அதே வடிவத்தில்தான் இருக்கும். மழை பெய்தால் நானே பார்த்துத்தான் நடப்பேன். செருப்பு வேண்டாம். அடி தடித்த, முன்னமே போட்டுப் பழகிய ஷூவோடு வரச் சொல்லுங்கள். மடக்கு ஊன்றுகோல் ஒன்றும் இருக்கட்டும்.

அடுத்து கோட்டை. எல்லாரும் ஆற்றங்கரைப் பக்கத்திலிருந்து மூச்சு வாங்க ஏறுவார்கள். நீங்கள் அப்படிப் போகாதீர்கள். 22ஆம் எண் ட்ராமில் ஏறி ‘பிராஷ்ஸ்கி ஹ்ராட்’ நிறுத்தத்தில் இறங்கினால் மலையேற்றத்தை ட்ராம் பார்த்துக்கொள்ளும். அங்கிருந்து ஒரு சின்னப் பாலம் தாண்டினால் கோட்டையின் இரண்டாம் முற்றம். பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும் நிற்க வேண்டியிருக்கும். திரும்பும்போதும் அதே ட்ராம். கிழக்குப் பக்கப் படிக்கட்டில் ‘இறங்குறது சுலபம்தானே’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலிக்கிற முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் மோசம்.

ட்ராமிலும் ஒன்று பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் வாசல் படி உயரம். நிறுத்தத்து அட்டவணையில் சக்கர நாற்காலிப் படம் போட்ட நேரத்துக்கு வருவது தாழ்தள வண்டி, அதில் ஏறுங்கள். 65 வயது தாண்டியவர்களுக்கு நகருக்குள் ட்ராம், மெட்ரோ, பஸ் எல்லாம் இலவசம், வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். உங்களுக்கு 72 மணி நேரச் சீட்டு போதும். வாங்கினால் மட்டும் ஆகாது, முதல் பயணத்தில் மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். நான் வந்த முதல் வாரமே முத்திரை குத்தாத சீட்டைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு அபராதம் கட்டினேன். பரிசோதகர் மேல் தப்பில்லை, என் மேல்தான்.

மெட்ரோவில் நாமியெஸ்தி மீரு நிலையம் பக்கம் அம்மாவை அழைத்துப் போக வேண்டாம். அங்கே நகரும் படிக்கட்டு 87 மீட்டர் நீளம், ஐரோப்பிய ஒன்றியத்திலேயே நீளமானது அதுதான். வேகமும் நம் ஊர் மாலில் ஓடுவது மாதிரி இல்லை. எனக்கே முதல் தடவை தலை சுற்றியது.

திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை: சனிக்கிழமை யூதர் பகுதி மூடியிருக்கும். ஓய்வுநாள். வெள்ளியையும் சனியையும் மாற்றிப் போடுங்கள். ஞாயிறு காலை வழிபாடு என்பதால் கோட்டையின் பெரிய தேவாலயம் மதியம்தான் திறக்கும், அதனால் கோட்டைக்குச் சனிதான் சரி.

தாமரைக்குளம் (மார்ச் 10)

தம்பி, கோடி நன்றி. சனிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்திருப்போம்.

விசா பற்றியும் ஒரு சந்தேகம். ஆஸ்திரியாவில் எட்டு நாள், செக் நாட்டில் நாலு நாள். ஆஸ்திரியாவிடம் விண்ணப்பித்தால் போதும்தானே?

பழைய பயணி (மார்ச் 10)

போதும். ஷெங்கன் விசாவில் அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அம்மாவின் வயதுக்குப் பிரீமியம் சற்றுக் கூடுதலாகக் கேட்பார்கள், கடைசி நேரத்துக்கு விடாதீர்கள்.

கொழும்புத்துறை (மார்ச் 11)

தங்கச்சி, நான் ஜெர்மனியில் ட்ரெஸ்டன் பக்கம் இருக்கிறேன். பிராக் எங்களுக்கு ரயிலில் இரண்டரை மணித்தியாலம்கூட இல்லை. சொந்தக்காரர் யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவோம். எத்தனை தரம் என்று கணக்கில்லை.

ஒன்றே ஒன்று சொல்கிறேன்: காசு. அங்கே யூரோ இல்லை, கொருனா. பழைய நகரத்தில் காசு மாற்றுகிற கடைகளில் ‘கமிஷன் 0%’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கமிஷன் இல்லைத்தான், ஆனால் விகிதத்திலேயே உரித்துவிடுவார்கள். என்னுடைய மச்சான் ஒருதரம் 200 யூரோ கொடுத்துவிட்டு, கிடைத்த தாள்களை எண்ணிப் பார்த்துக்கொண்டே வந்தார், முகம் கறுத்துப்போச்சு. வழக்கமாகக் கிடைக்க வேண்டியதில் கால்வாசி குறைவு. நல்லகாலம், 2019இல் ஒரு சட்டம் வந்திருந்தது: 1,000 யூரோவுக்குள் மாற்றினால் மூன்று மணித்தியாலத்துக்குள் திரும்பக் கொடுத்து ரத்துச் செய்யலாம். பற்றுச்சீட்டு கையில் இருந்தது. திரும்பப் போய்ச் சட்டத்தைச் சொன்னோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் ஒரு சொல்லும் கதைக்காமல் காசை எடுத்து வைத்தார். எத்தனை பேர் தன்னிடம் இப்படி வந்திருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தெருவில் யாராவது வந்து ‘நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன்’ என்றால் நிற்கவே வேண்டாம். செல்லாத வேறு நாட்டுத் தாளைத் தந்துவிட்டுப் போய்விடுவார்கள். அட்டையில் எடுக்கும்போது இயந்திரம் ‘உங்கள் நாட்டுக் காசிலா, கொருனாவிலா’ என்று கேட்கும். கொருனா என்று அமத்துங்கள்.

கணக்குப்பிள்ளை (மார்ச் 11)

பாருங்கள், நான் சொன்னதையேதான் எல்லாரும் வேறு வார்த்தையில் சொல்கிறீர்கள். அதை வாங்காதே, இதில் ஏறாதே, அங்கே மாற்றாதே. இத்தனை ஜாக்கிரதையோடு ஒரு ஊருக்குப் போக வேண்டுமா?

பழைய நகரச் சதுக்கத்தில், நகர மண்டபச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைச் சேர்க்க மறந்துவிட்டேன். வானியல் கடிகாரமாம். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். மணி அடித்தது, எலும்புக்கூடு கயிற்றை இழுத்தது, இரண்டு ஜன்னலில் பொம்மைகள் வரிசையாக எட்டிப் பார்த்தன, சேவல் ஒரு கத்துக் கத்தியது. முடிந்தது. ஒரு நிமிஷம்கூட இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் ‘இவ்வளவுதானா’ என்று கேட்டது எந்த மொழி என்று தெரியவில்லை, அர்த்தம் மட்டும் புரிந்தது.

நாழிகை வட்டில் (மார்ச் 12)

இந்த இழைக்குள் வர வேண்டாம் என்றுதான் இருந்தேன். கடிகாரத்தைத் திட்டியபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் பார்த்தது விளம்பரத்தை. கடிகாரத்தை நீங்கள் பார்க்கவே இல்லை. பொம்மைகள் பிற்காலச் சேர்க்கை. 1945 மே மாதச் சண்டையில் மண்டபம் எரிந்தபோது பழைய மரப் பொம்மைகள் போய்விட்டன, இப்போது எட்டிப் பார்ப்பவை அதற்குப் பிறகு செதுக்கியவை. விஷயம் அவற்றுக்குக் கீழே, நீலமும் தங்கமுமாக இருக்கும் முகத்தில் இருக்கிறது. அது 1410இல் வைத்தது. கடான் ஊர் மிக்குலாஷ் என்ற கடிகாரக் கைவினைஞர் செய்தார். பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் யான் ஷிண்டெல் கணக்கில் உதவினார். ஹனுஷ் என்பவர் செய்தார், இன்னொன்று செய்துவிடக் கூடாதென்று அவர் கண்ணைக் குத்திவிட்டார்கள் என்று வழிகாட்டிகள் உருகி உருகிச் சொல்வார்கள். கதை. தாஜ்மகால் கட்டியவன் கையை வெட்டியதாக நம் ஊரில் சொல்வார்களே, அதன் அண்ணன் தம்பி.

தாமரைக்குளம், உங்கள் அம்மா பஞ்சாங்கம் பார்ப்பவர் என்று எழுதினீர்கள். அப்படியானால் அந்தச் சதுக்கத்தில் நிற்கும் கூட்டத்தில் அதைப் படிக்கத் தெரிந்த ஓரிருவரில் அவரும் ஒருவராக இருப்பார். விளையாட்டாகச் சொல்லவில்லை, கேளுங்கள்.

நீண்ட கையின் மேல் தங்கச் சூரியன் இருக்கும். கையின் நுனியில் ஒரு தங்க உள்ளங்கை. அது ஒரே சமயத்தில் மூன்று விதமான நேரம் காட்டுகிறது. ரோமன் எண்களில் நாம் பார்க்கும் சாதாரண மணி. வெளியே கறுப்பு வளையத்தில் பழைய எழுத்தில் 1 முதல் 24 வரை இருப்பது பழைய செக் நேரம், அந்தக் கணக்கில் நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்குகிறது. நம் ஆட்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணி ‘உதயாதி நாழிகை’ என்றார்கள், அவர்கள் அஸ்தமனத்திலிருந்து எண்ணினார்கள். அஸ்தமனம் தினமும் மாறுவதால் அந்த வளையமும் வருஷம் முழுக்க முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு உயிர். நீலப் பகுதியில் வளைந்த கோடுகள், 1 முதல் 12 வரை எண்கள். உதயத்திலிருந்து அஸ்தமனம்வரை உள்ள பகலைப் பன்னிரண்டாகப் பிரித்தது. கோடையில் ஒரு பங்கு நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். இது அப்படியே நம் ஓரை. சுக்கிர ஓரை, குரு ஓரை என்று தினசரிக் காலண்டரில் போடுகிறார்களே, அதே பங்கு. சொல்லே ஹோரா என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து சமஸ்கிருதம் வழியாக நமக்கு வந்தது, ஆங்கிலத்தில் மணிக்குச் சொல்லும் சொல்லுக்கும் அதுதான் பாட்டி.

அப்புறம் மையம் தப்பிச் சுழலும் ராசி வளையம். சூரியன் எந்த ராசியில், சந்திரன் எந்த ராசியில் என்று அதில் படிக்கலாம். சந்திரக் கையில் ஒரு சின்ன உருண்டை இருக்கும், பாதி வெள்ளி, பாதி கறுப்பு. அது திரும்பித் திரும்பிப் பிறை காட்டும். அதாவது வளர்பிறையா தேய்பிறையா என்று நிமிர்ந்து பார்த்தால் போதும். இரண்டு எச்சரிக்கை: நம் ராசிக் கட்டம் வலமாகப் போகும், அங்கே இடமாகப் போகும். இன்னொன்றை நான் சொல்ல மாட்டேன், அம்மா தானே கண்டுபிடிக்கட்டும்.

போகிற நேரமும் முக்கியம். மணி அடித்துக் கூட்டம் கலைந்த பிறகு ஐந்து பத்து நிமிஷம் முன்வரிசை காலியாக இருக்கும். அப்போது பாருங்கள்.

கணக்குப்பிள்ளை (மார்ச் 12)

இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நின்ற முக்கால் மணி நேரத்துக்குப் பிரயோஜனம் இருந்திருக்கும். சரி, அந்த ஒன்றை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காந்தப் பொம்மைக் கடைகளை வாபஸ் வாங்க மாட்டேன்.

ட்ராம்22 (மார்ச் 12)

அக்கா, அந்தக் கடிகாரம் இருக்கும் பழைய நகர மண்டபக் கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது. கண்ணாடி லிஃப்ட், மேலே உச்சிவரை. முழங்காலைக் கேட்காமல் காட்சி காட்டும் கோபுரம் அது. பெட்ரீன் மலைக் கோபுரத்தில் 299 படி, அதை மறந்துவிடுங்கள். அந்த மலைக்கு ஏறும் கயிற்று ரயிலையும் 2024 செப்டம்பரில் மராமத்துக்காக நிறுத்திவிட்டார்கள்.

பழைய பயணி (மார்ச் 14)

நானும் கொஞ்சம் எழுதலாமா? வயதானவன், சுருக்கமாக எழுத வராது.

கடைகளைப் பார்த்து சினிமா செட் என்கிறார் கணக்குப்பிள்ளை. கடைகள் அப்படித்தான். ஆனால் கண்ணைக் கொஞ்சம் உயர்த்தினால் அல்லது தாழ்த்தினால் போதும். அந்தக் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கின்றன. 1621 ஜூன் 21 அன்று அங்கே 27 பேரைக் கொன்றார்கள். மூன்று வருஷம் முன்பு, 1618இல், கோட்டை ஜன்னல் வழியாகப் பேரரசரின் அதிகாரிகளைத் தூக்கி எறிந்து தொடங்கிய கிளர்ச்சிக்கு அது தண்டனை. எறியப்பட்டவர்கள் மூவரும் பிழைத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை. ஐரோப்பாவையே முப்பது வருஷம் எரித்த போர் அந்த ஜன்னலில்தான் தொடங்கியது. சனிக்கிழமை பழைய அரண்மனைக்குள் போகும்போது அந்த அறையைக் கேட்டுப் பாருங்கள். ஜன்னலிலிருந்து கீழே பார்த்தால், பிழைத்தது எப்படி என்று உங்களுக்கும் புரியாது.

சார்லஸ் பாலம் 516 மீட்டர். 1357இல் நான்காம் சார்லஸ் தொடங்கியது. பகல் பத்து மணிக்குமேல் போனால் மனிதத் தலைகள்தான் தெரியும். காலை ஏழுக்கு முன்னால் போங்கள். சிலைகள் முப்பது, பெரும்பாலும் நகல்தான். நெபோமுக் ஊர் யான் என்ற புனிதரின் சிலையைத் தேடிப்பிடியுங்கள், தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரம் இருக்கும். 1393இல் அந்தப் பாலத்திலிருந்துதான் அவரை வ்ல்தவா ஆற்றில் தள்ளினார்கள். பீடத்தில் உள்ள வெண்கலத் தகட்டைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று கோடிக் கைகள் தொட்டுத் தொட்டுப் பொன்னாக மின்னுகிறது. அடுத்த தகட்டில் இருக்கும் நாயையும் விடவில்லை. நம் கோயில் தூணில் ஆஞ்சநேயர் படும் பாடு.

பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் யான் பாலக் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் ஊருக்குள் வந்தன. அதை எதிர்த்து 1969 ஜனவரி 16 அன்று, வென்செஸ்லாஸ் சதுக்கத்து உச்சியில், தேசிய அருங்காட்சியகத்தின் முன்னால் தன்னைக் கொளுத்திக்கொண்ட மாணவர் அவர். வயது 20. அருங்காட்சியகத்துக்கு எதிரே தரைக்கல் மேடுதட்டி ஒரு சிலுவை எழுந்து நிற்கும், தெரியாமல் போனால் கால் தடுக்கும். தடுக்க வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தார்களோ என்னவோ.

அவர் படித்த சார்லஸ் பல்கலைக்கழகம் 1348இல் தொடங்கியது. நமக்கும் அதற்கும் ஓர் உறவு உண்டு. தமிழறிஞர் கமில் சுவலெபில் 1927இல் பிறந்தது பிராக்கில், படித்தது அங்கே. சங்கப் பாட்டையும் சித்தர் பாட்டையும் இருளர் மொழியையும் ஒரே கையால் ஆராய்ந்த மனிதர். அதே டாங்கிகள் வந்தபிறகு நாட்டை விட்டு வெளியேறினார், பிற்பாடு நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலையில் பேராசிரியராக இருந்தார். நான் அந்தச் சதுக்கத்தில் நின்றபோது டாங்கிகளைவிட அவரைத்தான் நினைத்தேன். தமிழ்ப் புத்தகங்களை என்ன செய்திருப்பார், எதை எடுத்துப்போயிருப்பார் என்று.

கொழும்புத்துறை (மார்ச் 14)

ஐயா, இத்தனை தரம் போயும் இந்தச் சுவலெபில் கதை எனக்குத் தெரியாது. அடுத்த முறை பிள்ளைகளைக் கட்டாயம் அந்தச் சதுக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன்.

தாமரைக்குளம் (ஏப்ரல் 2)

விசா வந்துவிட்டது. சாப்பாடு பற்றி யாருமே சொல்லவில்லையே? ‘பிராம்போராக்’ என்ற உருளைக்கிழங்கு அடை நன்றாக இருக்குமாம். பொரித்த சீஸும் சைவம்தானே?

ட்ராம்22 (ஏப்ரல் 2)

அம்மாவுக்கு இரண்டும் ஆகாது அக்கா. அடையில் முட்டை உண்டு. சீஸை முட்டையில் தோய்த்துத்தான் ரொட்டித்தூளில் புரட்டுவார்கள். பூண்டு சூப் ஆசையாக இருக்கும், இறைச்சிச் சாற்றில் செய்திருக்க வாய்ப்பு அதிகம். தேடும்போது ‘வெஜிடேரியன்’ என்று தேடாமல் ‘வேகன்’ என்று தேடுங்கள், முட்டைப் பிரச்சினையே வராது. பிராக்கில் அப்படிப்பட்ட கடைகளுக்குப் பஞ்சமில்லை. காலையில் பேக்கரியில் ரோஹ்லிக் என்ற சின்ன ரொட்டி, தயிர், பழம். கையோடு ஒரு சின்ன கெட்டிலும் புளிக்காய்ச்சலும் கொண்டு வாருங்கள்.

தெருவெல்லாம் சுட்டுச் சுட்டு விற்கும் சர்க்கரைச் சுருளை, ட்ர்டெல்னிக், பழங்கால பிராக் பலகாரம் என்பார்கள். என் மாமியார் இந்த ஊர்க்காரர், சின்ன வயதில் அதைக் கண்ணால் பார்த்ததில்லையாம். அது ஸ்லோவாக்கியா பக்கத்துச் சரக்கு, சுற்றுலாப் பயணிகளுக்காக இங்கே குடியேறியது.

கணக்குப்பிள்ளை (ஏப்ரல் 3)

மாமியாரா? தம்பி, ஆறு வருஷம் என்றதும் படிக்கப் போனவர் என்றல்லவா நினைத்தேன்!

ட்ராம்22 (ஏப்ரல் 3)

படிக்கத்தான் வந்தேன் சார் 🙂

தாமரைக்குளம் (மே 11)

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. துணி துவைத்து முடித்த கையோடு எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதன் இரவு ரயில் நிலையத்தில் இறங்கியதுமே ஊர் முழுக்கப் புகை வாசம். ஏப்ரல் 30 இரவு சூனியக்காரிப் பொம்மையைக் கொளுத்துவது அவர்கள் வழக்கமாம். ‘போகியா?’ என்றார் அம்மா. ஆமாம் என்றேன், அதற்குமேல் விளக்கத் தெம்பில்லை.

வியாழன் மே 1. விடிகாலை பாலம். பழைய பயணி ஐயா சொன்னது அப்படியே. ஆறரைக்கு எங்களையும் இரண்டு கல்யாண ஜோடி போட்டோ கும்பலையும் தவிர ஆளே இல்லை. அம்மா நெபோமுக் தகட்டைத் தொட்டார், நாயையும் தொட்டார். ‘பைரவர் வாகனம், தப்பில்லை.’ மதியம் பெட்ரீன் மலை அடிவாரத்தில் கொஞ்சம் உட்காரலாம் என்று போனது என் தப்பு. மே 1 அன்று பூத்த செர்ரி மரத்தடியில் முத்தம் கொடுத்துக்கொள்வது ஊர் வழக்கம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மரத்துக்கு மரம் ஜோடி. அம்மா ஊன்றுகோலைப் பிடித்தபடி புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ‘ஒரு எழுபது வயசு ஜோடி இருக்கு, அந்தப் பக்கம், பார்த்தியா’ என்றார். புல்லை மட்டும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

வெள்ளி. அன்று வளர்பிறை சஷ்டி, அம்மா விரதம். பாலும் வாழைப்பழமும். காலையில் அறையிலிருந்தே பேச்சு: ‘வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல ராகுகாலம், கடிகாரம் பார்க்கப் பத்தரைக்குள்ள போயிடணும்.’ பின்பு அவரே நிறுத்தி, ‘இந்த ஊர்ல எத்தனை மணிக்கு உதயம்?’ என்றார். போனில் பார்த்தேன். 5.35. அஸ்தமனம் இரவு 8.24. பகலே கிட்டத்தட்டப் பதினைந்து மணி நேரம். ஓட்டல் ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டார். எட்டில் ஒரு பங்கு 111 நிமிஷம், வெள்ளிக்கு நாலாவது பங்கு. ஆக இந்த ஊர் ராகுகாலம் 11.08க்குத்தான் ஆரம்பம். ‘பதினொரு மணி ஆட்டத்தைப் பார்த்துட்டே போகலாம்’ என்று அனுமதி கொடுத்தார்.

பதினொரு மணிக்குக் கூட்டத்தின் பின்னால் ஒரு சுவரோரம் நின்றோம். பொம்மைகள் வந்தன, போயின. கணக்குப்பிள்ளை சார், உங்கள் நினைவு வந்தது. கூட்டம் கலைந்ததும் அம்மாவை முன்னால் கூட்டிப்போய் நாழிகை வட்டில் எழுதியதைப் போனில் படித்துக் காட்டினேன். முதல் இரண்டு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கையை நீட்டி ஆரம்பித்தார்.

‘இது பிறை. வளர்பிறைதான், சரியா இருக்கு.’

‘இந்தக் கோடு ஓரைன்னா, நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது. வெள்ளிக்கிழமை அஞ்சாவது குரு ஓரை. நல்ல நேரம்தான் வந்திருக்கோம்.’ நான் மனசுக்குள் 74 நிமிஷத்தால் வகுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. வெளி வளையத்தில் தங்கக் கை பதினாலையும் பதினைந்தையும் ஒட்டி நின்றது. நேற்று இரவு அஸ்தமனத்திலிருந்து எண்ணினால் அதுவும் சரி.

அதற்குப் பிறகு நெற்றி சுருங்கியது. ‘இன்னிக்குச் சித்திரை 19. சூரியன் மேஷத்துல இருக்கணும். இவங்க ரிஷபத்துல வச்சிருக்காங்க. கடிகாரம் தப்பு.’

ராகுகாலம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது, அதை அவர் கவனிக்கவே இல்லை. நான் சொல்லவும் இல்லை.

அங்கிருந்து லிஃப்டில் கோபுரம். மேலே காற்று, சிவப்பு ஓடுகள், அம்மா அரை மணி நேரம் இறங்க மறுத்தார். மதியம் யூதர் பகுதி. பின்காஸ் ஜெபக்கூடத்துச் சுவர் முழுக்கக் கையால் எழுதிய பெயர்கள். நாஜிகள் கொன்ற கிட்டத்தட்ட 78,000 பேர். தூரத்திலிருந்து பார்த்தால் சுவருக்கு ஏதோ மங்கலான வண்ணம் அடித்த மாதிரி இருக்கிறது. கிட்டப் போனால் ஊர், குடும்பப் பெயர், பெயர், தேதி. ஒரே குடும்பப் பெயரின் கீழே ஆறு ஏழு பேர். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். கொஞ்ச நேரம் வாய்விட்டுப் படித்தார், நிறுத்திவிட்டார். மேல்மாடியில் தெரேசின் முகாமில் அடைபட்ட குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. அங்கே படி. அம்மா ஏறினார், நான் ‘வேண்டாம்’ என்று சொல்லச் சொல்ல.

சனி கோட்டை, 22ஆம் எண் ட்ராம். அது பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. தேவாலயம் 1344இல் ஆரம்பித்து 1929இல் முடிந்தது என்றதும் அம்மா, ‘நம்ம தெரு பாதாளச் சாக்கடை பரவாயில்லை’ என்றார். பழைய அரண்மனையில் அந்த ஜன்னலைப் பார்த்தோம். ஐயா, எனக்கும் புரியவில்லை.

ஒரு நாள் ராத்திரி ஒரு கடையில் நாங்கள் கேட்காமலே மேஜையில் வைத்த ரொட்டிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பில் போட்டார்கள். விரதம் இருந்தவருக்கும் சேர்த்து. மற்றபடி பணம் ஏமாறவில்லை.

விமான நிலையத்துக்கு மெட்ரோ ஏ பாதையில் வெலெஸ்லாவீன் வரை, அங்கிருந்து 59ஆம் எண் ட்ராலிபஸ். அம்மாவுக்கு எல்லாம் இலவசம். அதைத்தான் சொந்தக்காரர்களுக்கு முதலில் சொன்னார்.

நாழிகை வட்டில் (மே 11)

படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அந்த இரண்டாவது எச்சரிக்கை அதுதான்! அம்மாவும் சரி, கடிகாரமும் சரி. அவர்கள் கணக்கு சாயனம்: மார்ச் 20, 21 வாக்கில் பகலும் இரவும் சமமாகும் புள்ளிதான் மேஷத் தொடக்கம். நம்முடையது நிராயணம், நட்சத்திரங்களை வைத்து. பூமியின் அச்சு மெதுவாகச் சுற்றுவதால் இரண்டுக்கும் இப்போது ஏறக்குறைய 24 பாகை இடைவெளி, அயனாம்சம் என்பது அதுதான். அதனால்தான் அவர்கள் மேஷத்துக்கும் நம் சித்திரை ஒன்றுக்கும் மூன்று வாரத்துக்குமேல் தள்ளிப்போகிறது. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

தாமரைக்குளம் (மே 12)

சொன்னேன். ‘அயனாம்சம் எனக்குத் தெரியாதா, அவங்களுக்குத் தெரியுமான்னுதான் பார்த்தேன்’ என்கிறார்.

கொழும்புத்துறை (மே 12)

தங்கச்சி, அம்மாவை அடுத்த தரம் ட்ரெஸ்டனுக்கும் கூட்டிக்கொண்டு வாங்கோ. எங்கள் வீட்டில் நிற்கலாம், படி மூன்றுதான்.

கணக்குப்பிள்ளை (மே 12)

அந்தக் கடிகாரத்தில் வேறு கிரகம் ஏதாவது இருக்கிறதா? செவ்வாய், குரு, சனி? என் அக்கா கேட்கச் சொல்கிறார்.

தாமரைக்குளம் (மே 13)

இல்லை சார், சூரியனும் சந்திரனும் மட்டும்தான். அம்மாவும் அங்கேயே தேடினார். ‘சனியை உள்ளேயே சேர்க்கலை. அதான் அறுநூறு வருஷமா ஓடுது’ என்றார்.